அஜரத்தின் தாள் மூட்டை

‘நடுநிலை’ என்ற சொல்லை இருபதடி நீளத்தில் நான் முதன்முதலாகப் பார்த்தது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆடி மாதத்தில். விஸ்வநத்தத்துக்கு மேற்கே, சீமைக் கருவேலங்காட்டை வெட்டிக் கட்டிய எங்கள் மதரஸாவின் வாசலில் அந்தப் பேனரைக் கட்டினார்கள். ஆடிக் காற்றில் நடுநிலையால் நிற்க முடியவில்லை. ஒரு முறை இடப்பக்கம் சாய்ந்தது, ஒரு முறை வலப்பக்கம் சாய்ந்தது, மூன்றாம் முறை நடுவில் கிழிந்தது. கோணி ஊசியால் தைத்து மறுபடி கட்டினோம்.

எங்கள் மதரஸா என்று உரிமையோடு சொல்கிறேன். ஏழு வருடம் அங்கே சோறு தின்றவன். என் பெயர் புகழேந்தி. அப்பா கறுப்புச் சட்டைக்காரர், பிள்ளைகள் யாருக்கும் சாமி பெயர் வைக்கவில்லை. விடுதியில் தங்கி ஓதுகிற பையன்கள் பத்தாம் வகுப்பும் எழுத வேண்டும், கணக்குக்கும் தமிழுக்கும் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். மதரஸாவை நடத்திய உதுமான் அஜரத் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மார்க்கம் படித்த ஆலிமை எங்கள் பக்கம் அஜரத் என்றுதான் சொல்வோம்.

“அப்பா என்ன செய்யிறாக?”

“சாமி இல்லைன்னு பேசிக்கிட்டுத் திரியிறாக.”

“அதுல பாதி எங்களுக்கும் சம்மதம்தான். மீதியைப் பெறகு பேசிக்குவோம். நாளைக்கு வந்திருங்க.”

‘அல்லாஹ்வைத் தவிர’ என்கிற அந்த மீதியை அவர் கடைசிவரை பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை.

அறுபத்தோரு வயது, ஒல்லி உடம்பு, மழையே பெய்யாத ஊரில் கையில் எப்போதும் ஒரு குடை. மனைவி போய்ச் சேர்ந்தபின் மதரஸாவிலேயே ஓர் அறையில் பத்தொன்பது வருடமாகக் குடியிருந்தார். அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு வீடு கிடையாது. சாத்தூர் சேவு என்றால் உயிர். பையன்களுக்குத் தெரியாமல் தின்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் நாற்பத்திரண்டு பையன்களில் நாற்பத்திரண்டு பேருக்கும் டப்பா இருக்கும் இடம் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனி. அங்கே போர்மேன் மொக்கைச்சாமி. சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு கேட்டால் கம்பெனிப் பெண்கள் கை கழுவ எழுந்துவிடுவார்கள். “ஏத்தா, இன்னும் கால்மணி நேரம் இருக்கு” என்று மொக்கைச்சாமி கடிகாரத்தைக் காட்டினாலும் செல்லாது. “பள்ளிவாசல்ல பொய்யா சொல்லுவாக?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நோன்பு மாதத்தில் வேன் ஏறும் முன் அவர்கள் தூக்குவாளியோடு வேலி ஓரம் நிற்பார்கள். அண்டா கஞ்சியில் பாதி ஏழாயிரம்பண்ணை வரைக்கும் போகும். இதற்கெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்திருந்தால் ஒரு செயலாளரும் பொருளாளரும் வந்திருப்பார்கள்.

இனித் தாள் விஷயத்துக்கு வருகிறேன்.

பையன்கள் கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள் வேண்டும். சிவகாசியில் வெள்ளைத்துரை அண்ணாச்சி காலண்டரும் வெடி லேபிளும் அச்சடித்துக்கொண்டிருந்தார். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை ஓடுகிற தாளெல்லாம் வேஸ்ட். ஒரு பக்கம் படம், மறுபக்கம் வெள்ளை. அந்தக் கட்டுகளை அஜரத் சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவார். மூக்கு ஓரிடமும் மூக்குத்தி ஓரிடமுமாக லட்சுமி வருவாள். வேலாயுதத்தை விட்டு ஒரு விரல் தள்ளி முருகன் நிற்பார். அவர்களுடைய முதுகில் எங்கள் பையன்கள் கூட்டுவட்டி போட்டுப் பத்தாம் வகுப்புப் பாஸானார்கள்.

ஓதுகிற பாடத்தை மட்டும் அதில் எழுதக் கூடாது, அதற்குக் கடை நோட்டு தனியாக உண்டு. மற்றபடி அஜரத்துக்கு ஒரே கண்டிப்புதான்: படத்தைக் கிழிக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது, மீசை போடக் கூடாது. கமுதிப் பையன் ஒருவன் பிள்ளையார் தாளை மடித்து ராக்கெட் விட்டான். அஜரத் அதைப் பிடித்துப் பிரித்து, உள்ளங்கையால் நீவினார்.

“ஏலே, இது நமக்குச் சாமி இல்ல. குடுத்த மனுசனுக்குச் சாமி. அவரு வீட்டுக்கு விருந்துக்குப் போனா, செவுத்துல தொங்குற அவரு அத்தா படத்தை எடுத்து மடிச்சு ராக்கெட் விடுவியா?”

“மாட்டேன் அஜரத்து.”

“அவ்வளவுதான் பாடம். போயி முகத்தைக் கழுவு.”

எழுதி முடித்த தாளையெல்லாம் ஒரு சாக்கில் சேர்ப்போம். மாதக் கடைசியில் அஜரத் அதைச் சைக்கிளில் ஏற்றி அண்ணாச்சியிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவருடைய மற்ற வேஸ்ட்டோடு அது காகித மில்லுக்குப் போய்க் கரைந்துவிடும்.

“பாய், கழிச்சுப் போட்டதைத் திருப்பிக் கொண்டாந்து தர்ற ஆளு ஊருலகத்துல நீங்க ஒருத்தருதான்” என்பார் வெள்ளைத்துரை.

“அமானிதம் அண்ணாச்சி. நம்பிக் குடுத்த பொருளு. போற வழியில சீரழிய விடக் கூடாது.”

“நான் எங்க நம்பிக் குடுத்தேன்? எடத்தை அடைக்குதுன்னுல்லா குடுத்தேன்!”

இரண்டு பேரும் டீ குடித்துவிட்டுப் பிரிவார்கள். மாதாமாதம் இதே பேச்சு, ஒரு வார்த்தை மாறாது.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் நடுநிலையைக் கற்றுக்கொடுக்க ஒரு பேரவை கிளம்பிற்று. அகில மாநில நடுநிலைப் பேரவை. தலைவர் பெயரை நோட்டீஸில் இரண்டு வரிக்குப் போட்டிருந்தார்கள். முதல் ஒன்றரை வரி பட்டங்கள், கடைசி அரை வரியில் டாக்டர் முனீருல் ஹசன் என்று ஆளும் இருந்தார். விடுதி மதரஸாக்களைப் பார்வையிட்டு, அங்கேயே ஒரு மாநாடு போட்டுப் பேசி, நடுநிலையாக இருப்பவற்றுக்குச் சான்றிதழ் கொடுப்பார். சான்றிதழோடு ஒரு கட்டடமும் வரும்.

எங்கள் நிர்வாகத் தலைவர் சிக்கந்தர் ராவுத்தருக்கு விருதுநகரில் வத்தல் மண்டி. நல்ல மனிதர், ஆனால் மைக்கைக் கண்டால் வேறு மனிதர். மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பு வந்து அஜரத்திடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“டாக்டருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா கட்டடம் வந்திரும், நீங்களும் எப்பவும்போல இருக்கலாம். பிடிக்கலைன்னா பேரவையிலயே ஒரு ஆளை முதல்வராப் போட்டு நடத்துவோம்னு எழுதியிருக்காக. பாத்துக்கிடுங்க அஜரத்து. இந்த வயசுல நீங்க எங்க போவீக?”

“மழைக்கு ஒழுகுற கூரை, பாய். பிள்ளைகளுக்குக் கட்டடம் வந்தாச் சரிதான்” என்றார் அஜரத்.

“மழையா? நம்மூர்லயா?” என்று நான் கேட்டேன். ராவுத்தர் என்னை முறைத்தார்.

ஆடிச் சனிக்கிழமை காலை டாக்டர் வந்தார். முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார், நடுக்காரில் அவர். நடுநிலையில் அவருக்கு இருந்த பிடிப்பை அதிலேயே பார்த்துக்கொண்டேன். விடுதியைச் சுற்றிப் பார்த்தார். பாய்கள் சுருட்டியிருந்த அழகைப் பாராட்டினார். வகுப்புக்குள் வந்து ஒரு பையன் எழுதிக்கொண்டிருந்த தாளை எடுத்தார்.

“என்ன பாடம் இது?”

“பிதாகரஸ் தேற்றம்.”

“மாஷா அல்லாஹ்” என்று தாளைத் திருப்பினார். மறுபக்கத்தில் சரஸ்வதி வீணையோடு இருந்தாள். கலர் விலகியதில் வீணை மட்டும் இரண்டு.

டாக்டர் அதைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த தாளைத் திருப்பினார், பத்திரகாளி. அதற்கடுத்தது, முருகன். மூலையில் இருந்த சாக்கைப் பார்த்தார்.

“அது என்ன?”

“எழுதி முடிச்சதுக. மாசக் கடைசியில அச்சாபீசுக்குத் திருப்பிக் குடுத்திருவோம்” என்றார் அஜரத், நாளும் நேரமும் சொல்கிற குரலில்.

“சிலைப் படங்களைச் சேகரித்து, பாதுகாத்து, மரியாதையோடு திருப்பிக் கொடுக்கிறீர்கள்? ஒரு மதரஸாவில்?”

“பாதுகாக்கலை. சீரழிய விடலை. அம்புட்டுத்தான்.”

“ராவுத்தர் சாகிப்! இந்தக் குப்பை முழுவதையும் இப்போதே வெளியே கொட்டி எரியுங்கள். சாம்பலான பிறகுதான் நான் மேடை ஏறுவேன். நடுநிலை என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.”

முற்றத்தில் கொட்டினார்கள். ராவுத்தர் தீப்பெட்டி கேட்டார். உலகத்துக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகிற ஊரில் அன்றைக்கு ஒரு தீப்பெட்டி கிடைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உலர்த்தும் மேடையில் வெடி வெயிலில் காயும். அதனால் எங்கள் வளாகத்தில் சமையல்காரர் மடியைத் தவிர வேறெங்கும் தீக்குச்சி இருக்கக் கூடாது என்பது அஜரத்தும் மொக்கைச்சாமியும் பேசிவைத்த ஏற்பாடு. சமையல்காரரோ மாநாட்டு பிரியாணிக்குப் புதினா வாங்கப் போயிருந்தார். கடைசியில் டாக்டரின் டிரைவர் சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தார்.

இதுதான் வெளியூர்க்காரர்கள் செய்கிற தப்பு. எங்கள் பக்கம் சின்னப்பிள்ளைகூட சீசனில் வெட்டவெளியில் நெருப்புப் பற்றவைக்காது.

“யாருலே அது!” என்று வேலியைத் தாண்டிக் குதித்து வந்தார் மொக்கைச்சாமி. கையெல்லாம் அலுமினியப் பொடி. “என்ன செய்யப் பாக்கீக? அங்கன எரநூறு பொம்பளைக உக்காந்து வேலை பாக்காளுக. இந்தக் காத்துக்கு ஒரு துண்டுத் தாளு பறந்து மேடையில விழுந்துச்சுன்னா, உங்க மாநாடு மதுரை வரைக்கும் கேக்கும்!”

வேலி ஓரத்தில் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். முன்னால் நின்ற சோலையம்மாளுக்குக் கீழே கிடந்த படங்கள் தெரிந்தன. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அஜரத்தும் பார்த்தார்.

அவர் டிரைவரின் கையிலிருந்த லைட்டரை வாங்கித் தன் ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டார்.

“டாக்டர் சாகிப், இங்கன தீ வைக்கிறதில்லை.”

“நெருப்புதான் பிரச்சினை என்றால் கிணற்றில் போடுங்கள்.”

“அதுவும் வேண்டாம். வாங்குன எடத்துல குடுத்திருவோம். அதுதான் வழக்கம்.”

“உங்கள் பதவி எதைப் பொறுத்திருக்கிறது என்று ராவுத்தர் சாகிப் உங்களிடம் சொன்னாரா?”

“சொன்னாக.” அஜரத் குனிந்து தாள்களைச் சாக்கில் எடுத்து வைக்கத் தொடங்கினார்.

மொக்கைச்சாமியும் உதவிக்குக் குனிந்தார். நாலைந்து தாள் அள்ளியவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து வெயிலில் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“அட, இவுக படமும்ல கெடக்கு!”

மாநாட்டுப் போஸ்டர். அதையும் அண்ணாச்சி அச்சகத்தில்தான் அடித்திருந்தார்கள். ஓட்டம் சரியாகும்வரை ஓடிய தாள், வழக்கம்போல எங்கள் தாள் கட்டோடு வந்துவிட்டது. கலர் விலகி டாக்டருக்கு இரண்டு தாடி: ஒன்று கறுப்பு, பக்கத்திலேயே ஒன்று ரோஸ். பின்பக்கம் எங்கள் பையன் ஒருவன் ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தப்பாக எழுதியிருந்தான்.

“இதையும் சேத்துக் கொளுத்தணுமா, இல்ல இது மட்டும் தனியா?” என்று மொக்கைச்சாமி மிக மரியாதையாகக் கேட்டார்.

வேலி ஓரத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கிற்று. டாக்டரின் அசல் தாடியும் ரோஸ் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அஜரத் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கினார்; முகத்தில் கோடு விழாமல் பார்த்து ஓரமாக மடித்தார்; உள்ளங்கையால் நீவினார்.

“இதுவும் சாக்குலதான். பாத்து வைங்க, மூஞ்சி கசங்கிரக் கூடாது.”

சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சிவகாசிக்குக் கிளம்பிவிட்டார். டாக்டர் சாம்பலுக்குக் காத்திராமல் மேடையேறி நடுநிலை பற்றி ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினார். பாதியில் பாங்கு நேரம் வந்ததால் தப்பித்தோம்.

நாலாம் நாள் சிக்கந்தர் ராவுத்தர் என்னைத் தேடி வந்தார். நின்றபடியே பேசினார்.

“வாத்தியாரே, பேரவையில ஆள் அனுப்புதாக. அஜரத்துக்கு ஒரு லெட்டர் எழுதணும். நமக்கு எழுத்து வராது. மனசு நோகாம நீங்களே எழுதிக் குடுங்க.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கைக்குழந்தை, இந்த வேலையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. ‘தங்களது நீண்டகாலச் சேவையை நிர்வாகம் நன்றியுடன் நினைவுகூர்கிறது’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். நான் எழுதியதில் மிக நேர்த்தியான உரைநடை அதுதான். இன்றுவரை அதைவிடக் கேவலமாக எதையும் எழுதியதில்லை.

அஜரத் படித்தார். “கையெழுத்து ஒங்களுதுல்லா?” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

“நல்லவேளை. வேற ஆளு எழுதியிருந்தா எனக்குக் கண்ணாடி போட்டும் வெளங்கியிருக்காது.” சேவு டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். “எடுத்துக்கிடுங்க. கொண்டுபோற சாமானு கொறையட்டும்.”

ஒரு டிரங்குப் பெட்டியும் குடையுமாகப் போனார். பையன்கள் கேட்வரை வந்தார்கள். மொக்கைச்சாமி கம்பெனி வேனில் அவரை ஏற்றிவிட்டார். எங்கே போகிறார் என்று எங்களுக்குக் கவலை. வேன் நேராக வெள்ளைத்துரை அண்ணாச்சி அச்சகத்தில் போய் நின்றதாம். முஸ்லிம் காலண்டர்களில் தொழுகை நேரமும் பிறைக் கணக்கும் சரிபார்க்க அண்ணாச்சிக்கு ஆள் வேண்டியிருந்தது. “மாடி ரூமு சும்மாதான பாய் கெடக்கு. எடத்தை அடைக்கத்தான் ஆள் இல்ல” என்றாராம்.

புது முதல்வர் இளைஞர், தங்கமான பையன். அவரோடு ‘நடுநிலைக் கல்வி’ என்று பன்னிரண்டு பாடம் கொண்ட புத்தகமும் வந்தது. மாதத் தேர்வு, தேர்ச்சிக்கு முப்பத்தைந்து மதிப்பெண். நடுநிலையில் மூன்று பேர் பெயில். ஒருவன் காப்பியடித்து மாட்டினான். ‘பிற மதத்தவரோடு எவ்வாறு பழக வேண்டும்’ என்ற கேள்விக்கு அந்தக் கமுதிப் பையன், ‘அவர்கள் அத்தா படத்தை ராக்கெட் விடக் கூடாது’ என்று ஒரே வரி எழுதினான். புத்தகத்தில் இல்லாத விடை என்று முதல்வர் சுழித்துவிட்டார். லெட்டர் எழுதியவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

கட்டடம் வரவில்லை. பேரவை அனுப்புவதாகச் சொன்ன நோட்டும் வரவில்லை. மூன்றாம் மாதம் பையன்கள் கணக்கைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல்வர் என்னிடம் வந்து தயங்கினார்.

“சார், அந்த அச்சகத்துல… தாள் கேட்டா தருவாங்களா? படம் இருந்தாத்தான் எனக்குச் சிக்கல். மேலே பதில் சொல்லணும்.”

போனேன். மாடியில் அஜரத் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அடுத்த வருடத்து ரமலானைத் திருத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“பொடிப்பயலை வையாதீக வாத்தியாரே. அவனும் ஒரு எடத்துல பதில் சொல்லணும்ல. மூணு நாளு கழிச்சு வாங்க.”

மூன்று நாள் கழித்துப் போனபோது கட்டு தயாராக இருந்தது. எல்லாம் பூச்சட்டி, சங்குச் சக்கரம், ராக்கெட் லேபிள். சாமியும் இல்லை, மனிதனும் இல்லை, ஒரு மயில்கூட இல்லை.

“வேலை முடிஞ்சதும் உக்காந்து ஒவ்வொண்ணாப் பொறுக்குனாக” என்றார் வெள்ளைத்துரை. “மயிலுமா பாய்னு கேட்டேன். புது ஆளு, எதுக்கு வம்புன்னுட்டாக.”

முதல்வர் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார். கடைசித் தாள்வரை பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. யார் பொறுக்கியது என்று கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியில் வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். கேட் அருகே என் சைக்கிள் காரியரில் ஒரு சாக்கு ஏற்கெனவே கட்டியிருந்தது. பையன்கள் யாரும் பக்கத்தில் இல்லை. முதல்வர் வராந்தாவில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சகத்து மாடியில் கொண்டுபோய் இறக்கினேன். அஜரத் அவிழ்த்துப் பார்த்தார். எல்லாம் பூச்சட்டியும் சக்கரமும். ஒன்றும் கசங்கவில்லை, ஒன்றுக்கும் மீசை இல்லை.

“இதுல திருப்பித் தர்றதுக்கு என்ன இருக்கு வாத்தியாரே? வெறும் வெடிப் படம்ல.”

“முதல்வருதான் கட்டி வச்சிருக்கணும் அஜரத்து. நான் கேக்கலை.”

அவர் சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினார். முடிச்சுப் போட ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு கீழே எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, மதரஸாவுலருந்து தாள் வந்திருக்கு. மூணு டீ” என்றார்.